பி0301: கார் என்ன சொல்லுது?

டேஷ்போர்டில் மஞ்சளா இன்ஜின் லைட் எரியுதா ஃப்ரெண்ட்ஸ்? உடனே பர்ஸைத் திறக்காதீங்க. ஸ்டீயரிங்குக்குக் கீழே 16 பின் சாக்கெட் இருக்கும். அதில் புளூடூத் ஓபிடி ரீடரைச் செருகி, சாவியை 'ஆன்' பண்ணினா, செல்போனிலேயே கோட் நம்பர் வந்துடும்.

உதாரணமா, பி0301. 'பி' என்றால் இன்ஜின், கியர் சமாச்சாரம். '03' என்றால் இக்னிஷன் பக்கம். கடைசி '01', முதல் சிலிண்டர். அங்கே பெட்ரோல் சரியா எரியலை. ஆனா, காரணம் பிளக்கா, காயிலா, இன்ஜெக்டரான்னு கோட் சொல்லாது! தெரியாம பார்ட்ஸ் மாத்தினா காசுதான் காலி.

ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனி காயில் உள்ள காரா? இன்ஜினை ஆஃப் பண்ணி ஆறவிடுங்க. முதல் காயிலையும் இரண்டாவது காயிலையும் இடம் மாத்துங்க. கோட் நம்பரைக் குறிச்சுவெச்சுட்டு அழிங்க. கொஞ்ச தூரம் ஓட்டினதும் பி0302 வந்தா, குற்றவாளி காயில்தான். மறுபடி பி0301தானா? அடுத்து பிளக்கை இதே மாதிரி மாத்திப் பாருங்க.

ஒரு எச்சரிக்கை: லைட் விட்டு விட்டு மின்னினா வண்டியை ஓரங்கட்டுங்க. எரியாத பெட்ரோல் போய் கேட்டலிடிக் கன்வெர்ட்டரையே காலி பண்ணிடும்.

இனி மெக்கானிக்கிட்ட போனாலும், "அண்ணே, முதல் காயில் அவுட்டு"ன்னு சொல்லிக்கிட்டே போகலாம்!