படையல் இலையில் எந்த அரிசி?

தை அமாவாசைக்கு அப்பாவுக்கு எள்ளும் தண்ணியும் இறைக்க இந்த முறை கோடியக்கரைக்குப் போயிருந்தேன். எங்கள் ஊர் திருத்துறைப்பூண்டிப் பக்கம். அங்கிருந்து வேதாரண்யம், பிறகு தெற்கே இன்னும் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர். அதோடு டெல்டா மண் முடிந்துவிடுகிறது. ஒரு பக்கம் வங்கக்கடல், இன்னொரு பக்கம் பாக் நீரிணை. ஆதிசேதுவில் விடியுமுன்னே நல்ல கூட்டம்.

முழுக்குப் போட்டுவிட்டு டீக்கடைக்கு வந்தேன். கடை வாசலில் சரம் சரமாக நூடுல்ஸ் பாக்கெட். ஒரு பொடியன் தன் அப்பாவிடம், "அது வேணாம்ப்பா, கொரியன் நூடுல்ஸ் வாங்கிக் குடு"ன்னு அடம் பிடித்தான். அவரும் சிரித்துக்கொண்டே வாங்கிக் கொடுத்தார். இப்போதுதான் தாத்தாவுக்குத் தர்ப்பணம் செய்துவிட்டு வந்த குடும்பம் அது. குறை சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

மதியச் சாப்பாட்டுக்கு நம் இயக்கத்து உழவர் ஒருவர் கூப்பிட்டிருந்தார். வீடு கோடியக்காட்டில், நிலம் வேதாரண்யத்துக்கு மேற்கே. வானம் பார்த்த பூமி, உப்புக்காற்று, போதாக்குறைக்குப் புயல். 2018 நவம்பர் 16 விடியலில் கஜா இந்தக் கரையில்தான் ஏறியது. தென்னையும் மாவும் சாய்ந்து கிடந்த தோப்புகளை நாம் எல்லோரும் பார்த்தோம். அவர் தோப்பும் அதில் போனதுதான். "மரம் போச்சு, வெத போவல அண்ணே"ன்னார். அவர் சொன்ன விதை குழியடிச்சான். உப்பையும் வறட்சியையும் தாங்கி விளைகிற நம் கரையோரத்து நெல். 2004 சுனாமியில் நாகை வயல்களில் கடல்நீர் ஏறியபோது, அந்த மண்ணை இயற்கை வழியில் மீட்க நம்மாழ்வார் ஐயா இந்தப் பகுதியில் நின்று வேலை செய்தது வாசகர்களுக்கு நினைவிருக்கும். இதைப் போன்ற நெல்லின் அருமை அப்போது நமக்கு நன்றாகவே விளங்கியது.

அமாவாசை ஆனதால் வீட்டில் மீன் இல்லை. "நாளைக்கு வந்திருந்தா காலா மீன் கொழம்பு வச்சிருப்பேன் தம்பி"ன்னு அவர் அம்மா வருத்தப்பட்டார். வாழைக்காய்ப் பொரியல், பூசணிக்காய்க் கூட்டு, அவரைக்காய், வடை, பாசிப்பருப்புப் பாயசம். நடுவில் செக்கச்செவேலென்று குழியடிச்சான் சோறு. படையல் போட்டு, காக்கைக்கு வைத்துவிட்டுத்தான் எங்களுக்கு இலை போட்டார்.

"படையலுக்குமா இந்த அரிசி?" என்று வாய்தவறிக் கேட்டுவிட்டேன்.

"இதைத் தின்னு வளந்த மனுசனுக்கு வேற எதப்பா வைப்பேன்? அவருக்குப் பொன்னியத் தெரியுமா?" என்றார் அந்த அம்மா.

சோறு தொண்டையில் நின்றது. எங்கள் வீட்டுக்குப் போன் போட்டேன். "படையல் ஆச்சா? என்ன அரிசி வடிச்ச?"

"பொன்னிதான். இது என்ன புதுசாக் கேக்குறீங்க?"

இரண்டு ஏக்கரில் மாப்பிள்ளைச் சம்பா போடுகிறேன். அறுவடை முடிந்ததும் மூட்டை கட்டிச் சென்னைக்கும் கோவைக்கும் அனுப்புகிறேன். என் பிள்ளைகளுக்கும் வீட்டுக்கு வருகிற விருந்தாளிக்கும் கடையில் வாங்கிய பொன்னி. மாப்பிள்ளைச் சம்பா நீராகாரத்தைச் சொம்போடு குடித்துவிட்டு ஏர் ஓட்டப் போனவர் எங்கப்பா. அவர் இலையிலும் அதே பொன்னி. அந்த நூடுல்ஸ்காரரைவிட நான் எதில் ஒசத்தி?

இது என் ஒருவன் கதை மட்டும் இல்லை என்று நினைக்கிறேன். நெல் திருவிழாவில் இரண்டு கிலோ விதை வாங்கி, அடுத்த ஆண்டு நான்கு கிலோவாகத் திருப்பிக் கொடுக்கிறோம். நெல் ஜெயராமன் நமக்குக் காட்டிக்கொடுத்த வழி அது. ஆனால் விதை திரும்பினால் மட்டும் போதாது, சோறும் வீட்டுக்குத் திரும்ப வேண்டும். விளைவிக்கிறவனே தின்னாத நெல், வாங்குகிறவன் இருக்கிற வரைதான் வயலில் இருக்கும். அவன் கை விட்டால் விதைக் கோட்டையோடு முடிந்தது.

அந்தப் பொடியன் கேட்ட கொரியாவையே பாருங்கள். அங்கே சூசொக் என்ற அறுவடைத் திருநாளில் புது அரிசி மாவில் கொழுக்கட்டை பிடித்து முன்னோருக்குப் படைக்கிறார்கள். 1986-ல் சியோலில் ஒரு சின்ன அரிசிக் கடையாகத் தொடங்கியதுதான் ஹன்சலிம் கூட்டுறவு. இயற்கை உழவரையும் சாப்பிடுகிற குடும்பத்தையும் நேரடியாகச் சேர்த்தார்கள். இன்று பல லட்சம் குடும்பங்கள் அதில் உறுப்பினர். அந்த நாட்டிலிருந்து நமக்கு நூடுல்ஸ் வந்து சேர்ந்தது, இந்தச் செய்தி வந்து சேரவில்லை.

சிவப்பரிசி வேக நேரமாகும், பிள்ளைகள் முகம் சுளிக்கும், விளைச்சலும் குறைவு. எல்லாம் உண்மைதான். தினமும் மூன்று வேளையும் என்று நானும் சொல்லவில்லை. முதல்நாள் ஊறவைத்தால் வேகிற நேரம் பாதிப் பிரச்சினை தீரும். இட்லிக்கும் கஞ்சிக்கும் போட்டால் பிள்ளைகள் பழகிக்கொள்ளும். அமாவாசை, பொங்கல், திதி என்று வருகிற நாட்களிலாவது நம் வயல் அரிசி நம் உலையில் வேகட்டும். தை, ஆடி அமாவாசைகளில் ஆதிசேதுவுக்கு வருகிற கூட்டத்துக்கு நாமே நான்கு பேர் சேர்ந்து குழியடிச்சான் கஞ்சிக் கடை போட்டால் என்ன? பிளாஸ்டிக் இல்லாமல், சரணாலயத்துக்குள் குப்பை போடாமல் செய்யலாம்.

திரும்பும் வழியில் அகஸ்தியன்பள்ளியில் உப்புச் சத்தியாகிரக நினைவுத்தூணைத் தாண்டி வந்தேன். 1930 ஏப்ரலில் திருச்சியிலிருந்து ராஜாஜி தலைமையில் நடந்து வந்தவர்களுக்குச் சோறு போட்டால் தண்டனை என்று தஞ்சைக் கலெக்டர் மிரட்டியிருந்தார். நம் சனங்கள் சோற்றுப் பொட்டலத்தைச் சாலையோர மரக்கிளைகளில் கட்டித் தொங்கவிட்டுவிட்டுப் போனார்கள். தடை போட்ட காலத்திலேயே மரத்தில் கட்டிச் சோறு கொடுத்த மண் இது. இன்று நம் சோற்றை நாம் வடிப்பதற்கு யாரும் தடை போடவில்லை. தடை நம் வீட்டு அடுப்படியில்தான் இருக்கிறது.

வருகிற ஆடி அமாவாசைக்கு அப்பாவுக்கு மாப்பிள்ளைச் சம்பா என்று வீட்டில் சொல்லிவிட்டேன். "அப்ப அனுப்புற மூட்டையில ஒண்ண எறக்கி வைங்க" என்றாள். இறக்கி வைத்துவிட்டேன். நீங்கள்?