நரேன் ஓட்டிய கையடக்கக் கார்



சென்ற இதழின் கார் பந்தய வீடியோ கேம் கட்டுரையில் கோவையின் ஃபார்முலா 1 ஓட்டுநர் நரேன் கார்த்திகேயன் விடுபட்டுவிட்டார். ‘எஃப்1 2011’ விளையாட்டில் அவர் எச்ஆர்டி அணியின் ஓட்டுநர். கிரேட்டர் நொய்டாவின் 5.125 கி.மீ. புத் தடமும் அதில் உண்டு. அந்தத் தடத்தில் நிஜப் பந்தயம் நடந்தது 2011 அக்டோபர் 30-ஆம் தேதி. பிளேஸ்டேஷன் 3 வைத்திருந்தவர்களோ செப்டம்பரிலேயே அங்கே ஓட்டிப் பார்த்துவிட்டார்கள்.

ஏமாற்றியது, இதே விளையாட்டுக்கு சுமோ டிஜிட்டல் உருவாக்கிய பதிப்பு, கையடக்கக் கருவியான பிளேஸ்டேஷன் வீட்டாவுக்கானது.

திரையில் குறையில்லை, 5 அங்குல ஓலெட் பளிச்சென்று இருக்கும். அதில் ஓடிய தடமும் சுற்றுப்புறமும்தான் வெறிச்சோடிக் கிடந்தன. இன்னொரு சங்கடம் ஆர் பொத்தான். வளைவிலிருந்து வெளியேறும்போது ஆக்சிலரேட்டரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்க வேண்டும். பிளேஸ்டேஷன் 3-இன் ஆர்2 அதற்கு இடம் கொடுக்கும். வீட்டாவின் ஆர் பொத்தானில் பாதி அழுத்தம் என்பதே கிடையாது. அமுக்கினால் முழு வேகம், பின் சக்கரம் வழுக்கும். விட்டால் வண்டி சோர்ந்துவிடும்.

தென்காசியில் ஒரு வீட்டில், துபாய் மாமா கொண்டுவந்த வீட்டாவில் பள்ளிச் சிறுவன் ஒருவன் சீசனின் 19 பந்தயங்களையும் ஓட்டி முடித்தான். குற்றாலத்தில் சாரல் களைகட்டியிருந்த நேரம். ஐந்தருவிக்குக் கூப்பிட்டாலும் எழுந்து வரமாட்டான். படம் சரியில்லை என்று புலம்பிக்கொண்டே, பின்தங்கிய அணி என்று தெரிந்தும், நரேனையே தேர்ந்தெடுப்பான். நிஜத்தில் நரேன் புத் தடத்தில் 17-ஆவதாக முடித்தார்.

சென்னை ரிச்சி தெருவில் பழைய கருவி தேடுவோர் இன்றும் உண்டு. கையடக்கப் பதிப்புகளைத் தனியாக எடைபோட்டு ஒரு கட்டுரை வெளியிட்டால் அவர்கள் காசு வீணாகாது.

– ஒரு வாசகர், தென்காசி