தேய்ந்த முழங்காலும் அழுந்தாத முழங்காலும்

சைகோன் போய் வந்த நம் ஊர்க் குடும்பங்களில், டிரங்குப் பெட்டியின் அடியில் ஒன்றிரண்டு வெள்ளிப் பியாஸ்தர் கிடப்பதுண்டு. என்னோடு வேலை பார்த்த நண்பர் ஒருவர் எட்டு வருடங்களுக்கு முன் அப்படி ஒன்றைக் கொண்டுவந்தார். 1907ஆம் வருடத்து நாணயம். சொல்தாவாக இருந்த அவர் அப்பா கொண்டுவந்தது. "அண்ணே, உங்களுக்குத்தான் இதெல்லாம் தெரியும். என்ன பெறும், சொல்லுங்க" என்றார்.

கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தேன். உட்கார்ந்திருக்கும் குடியரசு அம்மையின் முழங்கால் மழுங்கியிருந்தது. மார்பில் துணி மடிப்பு தெரியவில்லை. "நிறையப் புழங்கித் தேய்ந்துவிட்டது, 'த்ரே போ' தரம்தான்" என்று சொல்லிவிட்டேன். பிரெஞ்சில் அதற்கு 'மிக அழகு' என்று பொருள். நாணயக்காரர்கள் கணக்கில் அது கீழ்ப்படி. வெள்ளியின் எடைக்கு மேல் கொஞ்சம் போட்டுக் கொடுத்து நானே வாங்கிக்கொண்டேன். அவரும் சந்தோஷமாகத்தான் போனார்.

போன மாதம் அதை விளக்கடியில் சாய்த்துப் பார்த்தபோதுதான் என் தவறு தெரிந்தது.

பள்ளியில் படித்த பிரெஞ்சு இங்கே உதவுகிறது. அந்த மொழியில் 'குவேன்' என்பது நாணயத்தைக் குறிக்காது, அதை அடிக்கும் அச்சைத்தான் குறிக்கும். நாணயத்தைப் பார்க்கிறவர் முதலில் அந்த அச்சை நினைக்க வேண்டும். அச்சில் மிக ஆழமான பள்ளத்தை வெள்ளி கடைசியில்தான் போய் நிரப்பும். அழுத்தம் போதாவிட்டால் அந்த இடம் நிரம்பாது. அச்சின் ஆழமான பள்ளம்தான் நாணயத்தில் உயர்ந்த மேடு. புழக்கத்தில் முதலில் தேய்வதும் அதே மேடுதான். ஆகவே அடி பலமில்லாத நாணயமும் தேய்ந்த நாணயமும் ஒரே இடத்தில் மழுங்கிக் கிடக்கும். முழங்காலை மட்டும் பார்த்துத் தீர்ப்புச் சொன்னதுதான் நான் செய்த பிழை.

பார்க்க வேண்டியது மழுங்கலைச் சுற்றி என்ன இருக்கிறது என்பதை. தேய்ந்த மேடு வழவழப்பாகி, பக்கத்து இடத்தைவிட நிறம் மங்கிச் சாம்பலாக இருக்கும். நாணயத்தைச் சாய்த்துச் சுழற்றினால் ஒளி அந்த இடத்தில் வந்து அறுந்துவிடும். விளிம்பிலும் எழுத்துகளின் முனைகளிலும் கூடக் கூர்மை போயிருக்கும். விரல் முழங்காலை மட்டும் தேடிப் போய்த் தடவுவதில்லையே! அழுந்தாத இடம் வேறு மாதிரி. அடிப்பதற்கு முன் வெள்ளி வில்லையில் இருந்த சின்னக் கீறலும் சொரசொரப்பும் அப்படியே நிற்கும். ஒளி அதன் மேலும் தடையில்லாமல் ஓடும். என் பியாஸ்தரில் எழுத்துகள் கூர்மையாக இருந்தன. தலையைச் சுற்றியுள்ள கதிர்கள் ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிந்தன. அது அதிகம் புழங்காத நாணயம்.

எடையும் ஓரளவு துணை செய்யும். 27 கிராம் என்று அந்த நாணயத்தின் மேலேயே பொறித்திருக்கிறது. நன்றாகத் தேய்ந்தது குறைவாக நிற்கும். ஆனால் இலேசான தேய்மானத்தைத் தராசு காட்டிக்கொடுக்காது. ஒளிதான் நம்பகமான சாட்சி. அதனால்தான் சொல்கிறேன், பழைய வெள்ளிக் காசைக் குத்துவிளக்கைப் போல விபூதி, புளி, பற்பசை போட்டுத் தேய்க்காதீர்கள். அந்தச் சாட்சியை நாமே கொன்றுவிடுகிறோம்.

இதில் இரண்டு பக்கமும் ஏமாற்று உண்டு. விற்கிறவர் தேய்ந்த காசை "அடி பலமில்லை, புழங்கவே இல்லை" என்பார். வாங்குகிறவர் அழுந்தாத காசைத் "தேய்ந்தது" என்பார். அடி பலமில்லாத காசுக்கு விலை குறைவு என்பதை ஒப்புக்கொள்கிறேன், முழு உருவமும் விழுந்த காசைத்தான் பலரும் விரும்புவார்கள். ஆனால் அதைக் காரணம் சொல்லிக் குறைப்பது வேறு, தேய்ந்தது என்று சொல்லிக் குறைப்பது வேறு. தேய்மானம் எவ்வளவு, அடி எப்படி என்று இரண்டையும் தனித்தனியாகச் சொல்ல வேண்டும். இரண்டையும் ஒரே தரத்துக்குள் போட்டு மூடுவது சரியல்ல. வாங்குகிறவனே தரமும் சொல்லக்கூடாது. இதை நான் என்னைப் பார்த்தே சொல்லிக்கொள்கிறேன்.

பியாஸ்தரையும் கொஞ்சம் பணத்தையும் எடுத்துக்கொண்டு நண்பர் வீட்டுக்குப் போனேன். விஷயத்தைச் சொன்னேன். "எட்டு வருஷம் ஆச்சு, விடுங்க அண்ணே" என்றார். பணத்தைத் தொடவில்லை. நாணயத்தைக் கையில் வாங்கி, நான் காட்டியபடி ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார். "அப்பா இதைச் செலவு பண்ணவே இல்லை போலிருக்கு" என்றார்.

பணத்தை எடுத்துக்கொண்டு நான் திரும்பினேன். நாணயம் அவரிடமே இருக்கிறது.