கோதுமையை விடச் சொல்கிறார்கள்

கொஞ்ச நாளாக யாரைப் பார்த்தாலும் "கோதுமையை விட்டாச்சா?" என்றுதான் கேட்கிறார்கள். சப்பாத்தியை விடு, பிரெட்டை விடு, முக்கியமா அந்தப் பாஸ்தாவை விடு. கடைசியாகச் சொன்னதுதான் எனக்கு உறைத்தது. வாரத்தில் மூன்று நாள் ராத்திரி பாஸ்தா செய்கிறவள் நான். சாப்பிட்டபின் எனக்கு வயிறு உப்பிக்கொள்வது வகுப்பு முழுக்கத் தெரிந்த விஷயம் என்பதால் ஆளாளுக்கு வைத்தியம் சொல்கிறார்கள். என்னுடைய பதில், இப்போதைக்கு விடமாட்டேன். காரணம் வெறும் நாக்கு மட்டும் இல்லை. ஆனால் நாக்கிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

என் பட்டியலில் முதலிடம் காச்சோ எ பெப்பே. ரோம் நகரத்துச் சமையல். பெக்கோரீனோ என்ற செம்மறியாட்டுப் பால் சீஸ், மிளகு, பாஸ்தா வெந்த தண்ணீர், அவ்வளவுதான். வெண்ணெய் கிடையாது, க்ரீம் கிடையாது. (பெக்கோரீனோ விலையைக் கேட்டால் அந்த மாதம் வேறு எதுவும் வாங்க முடியாது, அது வேறு கதை.) கேட்க எளிதாக இருக்கும். செய்து பார்த்தால் சீஸ் திரண்டு கட்டி கட்டியாக நின்று மானத்தை வாங்கும். 2025-ல் இத்தாலிய இயற்பியலாளர்கள் சிலர் இதையே ஆராய்ந்து ஒரு கட்டுரை எழுதினார்கள். சீஸின் எடையில் 2 முதல் 3 சதவீதம் மாவுச்சத்து இருந்தால் கட்டி தட்டாது என்பது அவர்கள் கண்டது. அதற்கு அந்த வருடம் இக் நோபல் பரிசும் கிடைத்தது. நான் சோள மாவைக் கரைத்துக் காய்ச்சி ஊற்றிப் பார்த்தேன். வாழ்க்கையில் முதல் முறையாக ஒழுங்காக வந்தது!

அடுத்தது அல்யோ எ ஓல்யோ. நேப்பிள்ஸ்காரர்களுடையது. பூண்டு, ஆலிவ் எண்ணெய், காய்ந்த மிளகாய். மாதக் கடைசியின் தெய்வம் இதுதான். மூன்றாவது சிசிலித் தீவின் கத்தானியா ஊரைச் சேர்ந்த பாஸ்தா அல்லா நோர்மா, கத்திரிக்காயைப் பொரித்துத் தக்காளிச் சாற்றோடு சேர்ப்பது. அந்த ஊரில் பிறந்த பெல்லீனியின் ஓபரா ஒன்றின் பெயர் அதற்கு. நம் ஊரில் கத்திரிக்காயைப் பார்த்தாலே மூஞ்சியைச் சுளிக்கிறவர்களுக்கு இதைக் கொடுக்கலாம். நான்காவது ஒரெக்கியெத்தே. சின்னக் காது என்று அர்த்தம், வடிவமும் அப்படியேதான். இத்தாலியின் குதிகாலில் இருக்கும் புலியாவில் ஒரு கசப்புக் கீரையோடு செய்கிறார்கள். அந்தக் கீரை இங்கே கிடைக்காததால் நான் முள்ளங்கிக் கீரை போடுகிறேன். புலியாவில் யாரும் பார்க்காதவரை பிரச்சினை இல்லை.

சரி, கோதுமையை எடுத்துவிட்டால் இவற்றில் எது மிஞ்சும்? பாஸ்தாவுக்கு டியூரம் என்ற கெட்டிக் கோதுமையின் ரவை. அதில் தண்ணீர் விட்டுப் பிசையும்போது புரதம் ஒன்றோடொன்று பின்னி வலை மாதிரி ஆகிறது. அதுதான் க்ளூட்டன். கொதிக்கும் தண்ணீரில் மாவுச்சத்து மொத்தமாக வெளியே போகாமல் பிடித்து வைப்பது அந்த வலைதான். வெந்த பிறகும் நடுவில் லேசாகப் பல்லுக்குத் தட்டுப்படுகிறதே, அது அதனால்தான். இத்தாலியில் தயாரிக்கும் உலர் பாஸ்தாவுக்கு டியூரம் ரவைதான் என்று 1967-ல் சட்டமே போட்டார்கள். சோளத்திலும் அரிசியிலும் செய்த பாஸ்தா ஒரு நிமிடம் கூடுதலாக வெந்தால் கூழ். இருந்தாலும் காச்சோ எ பெப்பே தப்பித்துக்கொள்ளும், அதற்கு வேண்டியது க்ளூட்டன் இல்லை, மாவுச்சத்துதான். நோர்மாவும் பரவாயில்லை, கத்திரிக்காய் காப்பாற்றிவிடும். ஒரெக்கியெத்தே மட்டும் அவ்வளவுதான். அதன் ருசியே மெல்லுவதில்தான் இருக்கிறது.

பாஸ்தாவை விடச் சொல்வது இன்றைய மோகம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இல்லையாம். இத்தாலியில் 1930 டிசம்பரில் மரினெத்தி என்ற கவிஞர் பாஸ்தாவை ஒழிக்க வேண்டும் என்று அறிக்கை விட்டார். அது மனிதனை மந்தமாக்குகிறது, சோம்பேறியாக்குகிறது என்பது அவர் கட்சி. பதிலுக்கு அரிசி சாப்பிடச் சொன்னார். கோதுமை இறக்குமதியைக் குறைக்க வேண்டும் என்று முசோலினி அரசு முனைந்திருந்த காலம் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். இத்தாலியர்கள் சிரித்துவிட்டுத் தொடர்ந்து சாப்பிட்டார்கள்.

ஆனால் சிரிக்க முடியாத ஒரு கூட்டம் உண்டு. சீலியாக் நோய் உள்ளவர்கள். க்ளூட்டன் உள்ளே போனால் அவர்கள் உடம்பின் எதிர்ப்புச் சக்தியே சிறுகுடலைத் தாக்கும். சத்து சேராது, ரத்தசோகை வரும், குழந்தைகள் வளரமாட்டார்கள். இதைக் கோதுமையோடு முடிச்சுப் போட்டுக் காட்டியவர் வில்லெம் டிக்கே என்ற டச்சுக் குழந்தை மருத்துவர். போருக்கு முன்பே அவருக்குச் சந்தேகம் இருந்தது. 1944-45 குளிர்காலப் பஞ்சத்தில் நெதர்லாந்தில் ரொட்டியே கிடைக்காமல் போனபோது இந்தக் குழந்தைகள் மட்டும் தேறினார்கள். ரொட்டி திரும்பி வந்ததும் நோயும் திரும்பி வந்தது. 1950-ல் அவருடைய ஆய்வேடு வெளிவந்தது.

இந்த விஷயத்தில் எனக்கு மரியாதை உள்ள நாடு, பாஸ்தாவைத் தெய்வமாகக் கும்பிடும் அதே இத்தாலி. 2005-ல் சீலியாக் பற்றித் தனிச் சட்டம் போட்டார்கள். நோய் உறுதியானவர்களுக்கு க்ளூட்டன் இல்லாத உணவு வாங்க அரசே மாதாமாதம் குறிப்பிட்ட தொகை தருகிறது. 2023-ல் இன்னொரு சட்டம், குழந்தைகளுக்குப் பரவலாகப் பரிசோதனை செய்ய. நம் ஊரில் இப்படி ஒரு நோய் இருப்பதே பலருக்குத் தெரியாது. 2016-ல் வெளிவந்த ஓர் ஆய்வின்படி வட இந்தியாவில் 100 பேரில் ஒருவருக்குச் சற்று மேல், தென்னிந்தியாவில் 1000 பேரில் ஒருவர். நோய்க்குத் தேவையான மரபணு இரண்டு பக்கமும் கிட்டத்தட்ட ஒரே அளவில்தான் இருக்கிறது. சாப்பிடும் கோதுமையின் அளவில்தான் மலைக்கும் மடுவுக்கும் வித்தியாசம். இங்கேயும் இப்போது ராத்திரி ஆனால் சப்பாத்தி என்றாகிவிட்டதால் 'அது வடக்கத்தி வியாதி' என்று ஒதுக்க முடியாது. இன்னொன்று, சம்பா கோதுமை பழைய ரகம், அது ஒன்றும் செய்யாது என்று ஒரு பேச்சு இருக்கிறது. இத்தாலியில் ஃபார்ரோ என்று விற்பதும் அதே இனம்தான். இரண்டிலும் க்ளூட்டன் உண்டு, சீலியாக்காரர்கள் தொடக்கூடாது.

இப்போது என் அறைத்தோழியின் கதைக்கு வருகிறேன். எனக்கு முன்னாலேயே அவளுக்கு வயிற்றுத் தொல்லை. வலி, அசதி, ரத்தசோகை. யாரோ சொன்னார்கள் என்று ஐந்து மாதம் கோதுமையைத் தொடவில்லை. நன்றாகவே தேறினாள். அப்புறம் டாக்டரிடம் போனால், "டெஸ்ட் எடுத்தீங்களா?" என்றார். எடுக்கவில்லை. இப்போது எடுத்தாலும் பயனில்லை என்றார். சீலியாக்குக்கான ரத்தப் பரிசோதனை தேடுவது க்ளூட்டன் உள்ளே போவதால் உடம்பு உண்டாக்கும் எதிர்ப்பொருளை. க்ளூட்டனே உள்ளே போகாவிட்டால் அது குறைந்துவிடும். நோய் இருந்தாலும் இல்லை என்றே காட்டலாம். எனவே ஆறு வாரம், தினமும் குறைந்தது இரண்டு வேளை கோதுமை சாப்பிட்டுவிட்டு வரச் சொல்லிவிட்டார். எது வலிக்கிறது என்று தெரிந்து விட்டாளோ அதையே வேளை தவறாமல் சாப்பிட வேண்டும். நான் கோபப்படுவது இதற்காகத்தான். "சும்மா விட்டுப் பாரேன், என்ன நஷ்டம்" என்கிறார்களே, இதுதான் நஷ்டம்.

நான் புத்தியாக முதலில் பரிசோதனை எடுத்தேன். (புத்தி என்ன புத்தி, அவள் பட்டதைப் பார்த்து வந்தது.) இல்லை என்று வந்தது. அப்படியானால் உப்புசம்? ஆஸ்திரேலியாவின் மோனாஷ் பல்கலைக்கழகத்தில் 2011-ல் செய்த ஓர் ஆய்வு, சீலியாக் இல்லாதவர்களுக்கும் க்ளூட்டன் தொல்லை தருகிறது என்றது. அதே குழு 2013-ல் இன்னும் கறாராகச் செய்து பார்த்தது. க்ளூட்டன் ஒத்துக்கொள்ளாது என்று நம்பிய 37 பேருக்கு, புளித்து வாயு உண்டாக்கும் சர்க்கரை வகைகளை முதலில் உணவிலிருந்து குறைத்தார்கள். எல்லோருக்கும் சரியாகிவிட்டது. பிறகு க்ளூட்டனைத் தெரியாமல் கொடுத்தபோது, அதனால் மட்டும் வந்த தொல்லை என்று எதுவும் தெரியவில்லை. தன் முடிவையே திரும்பச் சோதித்த அந்தக் குழுவுக்கு ஒரு சலாம். 2018-ல் நார்வேயில் 59 பேருக்கு க்ளூட்டன், ஃபிரக்டான், வெற்றுப் பண்டம் என்று மூன்றையும் மாற்றி மாற்றிக் கொடுத்தார்கள். அதிகத் தொல்லை ஃபிரக்டானில் என்றவர்கள் 24 பேர், க்ளூட்டனில் என்றவர்கள் 13 பேர். ஒன்றுமில்லாத பண்டத்தில்தான் அதிகம் வலித்தது என்றவர்கள் 22 பேர்!

ஃபிரக்டான் கோதுமையில் இருக்கிறது. வெங்காயத்திலும் இருக்கிறது. பூண்டில் ஏராளமாக இருக்கிறது. இதைப் படித்துவிட்டு என் அல்யோ எ ஓல்யோவை நினைத்தேன். ஒரு தட்டுக்கு எட்டுப் பல் பூண்டு போடுகிறவள், பழியைப் பாஸ்தா மேல் போட்டுக்கொண்டிருக்கிறேன். ஃபிரக்டான் தண்ணீரில் கரையும், எண்ணெயில் கரையாது. பூண்டை எண்ணெயில் பொன்னிறமாக வதக்கி எடுத்து எறிந்துவிட்டால் வாசனை எண்ணெயில் நிற்கும், ஃபிரக்டான் பூண்டோடு போய்விடும். மூன்று வாரமாக அப்படித்தான் செய்கிறேன். உப்புசம் பாதிக்கு மேல் குறைந்துவிட்டது. ஒருத்தி வயிற்றை வைத்து ஊருக்குச் சட்டம் போட முடியாது, தெரியும். அந்த 22 பேரில் நானும் ஒருத்தியாக இருக்கலாம்.

தோழிக்கு இது நான்காவது வாரம். காலையில் சப்பாத்தி, ராத்திரி என் பாஸ்தா. "எனக்கு வயிறு வலிக்குது, உனக்கு சமைக்க ஆள் கிடைச்ச சந்தோஷமா?" என்று திட்டிக்கொண்டே சாப்பிடுகிறாள். நோய் உறுதியானால் அவளுக்கு வடிகட்டி, மரக்கரண்டி, பாத்திரம் எல்லாம் தனியாக வேண்டும். ஒரே தண்ணீரில் வேகவைப்பதுகூட ஆகாது. இப்போதே ஒரு செட் வாங்கி, பிரிக்காமல் பரண்மேல் வைத்திருக்கிறோம். இன்றைக்கு என்ன வேண்டும் என்று கேட்டதற்கு, "ஒரெக்கியெத்தே. அப்புறம் கிடைக்குதோ இல்லையோ" என்றாள்.

கீரை ஆய வேண்டும், வருகிறேன்.