பாப்ளியோவுக்காக ஒரு வக்காலத்து

2016 மே 10. போக்கிமான் சன், போக்கிமான் மூன் கேம்களோட மூணு ஸ்டார்ட்டர்களையும் உலகத்துக்குக் காட்டின நாள். (ஸ்டார்ட்டர்னா என்னன்னு கேக்கறவங்களுக்கு: கேம் ஆரம்பத்துல மூணு பிராணிகளைக் காட்டி "ஒண்ணை எடுத்துக்கோ"ம்பாங்க. அதுதான் கடைசி வரைக்கும் உங்க கூட வரும். அதனால இது சின்ன முடிவு இல்ல.)

முதல்ல ரௌலெட். குட்டி ஆந்தை, கழுத்துல இலையால செஞ்ச போ டை. அடுத்து லிட்டன். கறுப்புப் பூனை, "உன்னை யார் இங்க கூப்பிட்டா?"ன்னு கேக்கற மாதிரி ஒரு பார்வை. மூணாவது நம்ம ஆளு பாப்ளியோ. நீலக் கலர்ல கடல் சிங்கக் குட்டி, பந்து மாதிரி ரோஸ் மூக்கு, கழுத்தைச் சுத்தி சர்க்கஸ் பபூன் போடற மாதிரி சுருக்கம் வெச்ச காலர். மூஞ்சி பூரா சிரிப்பு வேற.

அவ்ளோதான், ஆரம்பிச்சது கிண்டல். பபூன்னாங்க, சர்க்கஸ்னாங்க, இதையெல்லாம் யாரு எடுப்பான்னாங்க. பாவம்னு பார்த்த ஒரு கூட்டம் "பாப்ளியோவைக் காப்பாத்துவோம்"னு கெளம்புச்சு. எனக்கு அந்தக் கூட்டத்து மேலயும் கொஞ்சம் வருத்தம் உண்டு. காப்பாத்தற அளவுக்கு அதுக்கு என்ன ஆச்சு?

கிண்டலுக்கு ஒரு காரணம் புரியுது. அதுக்கு முந்தின தலைமுறை, அதாவது 2013ல வந்த எக்ஸ், ஒய் கேம்கள்ல, தண்ணி ஸ்டார்ட்டர் ஒரு தவளை. அது வளர்ந்து கிரெனிஞ்சா ஆச்சு. நாக்கையே துண்டு மாதிரி கழுத்துல சுத்திக்கிட்டு நிக்கற நிஞ்சா. உலகமே அது பின்னாடி போச்சு. நிஞ்சாவைப் பார்த்துப் பழகின கண்ணுக்கு முன்னால போய் பபூன் காலர் போட்ட குட்டியை நிறுத்தினா சிரிக்கத்தான் செய்வாங்க. ஒத்துக்கறேன். ஆனா சிரிச்சவங்க ஒரு விஷயத்தைக் கவனிக்கல.

போக்கிமான்ல ஒவ்வொரு பிராணிக்கும் போக்கிடெக்ஸ்னு ஒரு குறிப்பு உண்டு. பெரும்பாலும் பெருமை அடிக்கிற குறிப்பா இருக்கும். இது மலையை உடைக்கும், அது ஆயிரம் டிகிரி நெருப்பைக் கக்கும்... இந்த ரகம். பாப்ளியோவுக்கு என்ன எழுதியிருக்காங்க தெரியுமா? மூக்கால தண்ணி பலூன் ஊதும், கடுமையா உழைக்கும், தினமும் பயிற்சி பண்ணப் பண்ண பலூன் பெருசாகிட்டே போகும். விஷயமே இவ்ளோதான். உயரம் 0.4 மீட்டர், எடை 7.5 கிலோ இருக்கற ஒரு குட்டிப் பிராணி, நேத்தைவிட இன்னிக்குக் கொஞ்சம் பெரிய பலூன் ஊதணும்னு உக்காந்து பயிற்சி பண்ணிட்டு இருக்கு. இதைப் பார்த்தா சிரிக்கத் தோணுது நமக்கு!

லிட்டனை ஏன் எல்லாருக்கும் பிடிச்சது? அது எதுக்கும் மெனக்கெடற மாதிரி தெரியல, அதனாலதான். நம்ம கிளாஸ்லயே பாருங்க. படிக்காம மார்க் வாங்கினேன்னு சொல்றவன் ஹீரோ, ராத்திரி பூரா படிச்சேன்னு சொல்றவன் "பழம்". (யாரைச் சொல்றேன்னு உங்களுக்கே தெரியும் :-) ) முயற்சி பண்றது வெளியில தெரிஞ்சா அசிங்கம்ங்கற நெனப்பு நமக்கு எங்கிருந்தோ வந்து ஒட்டிக்கிச்சு. பாப்ளியோவுக்கு அந்த வெக்கம் கிடையாது. எனக்கு அதைப் பிடிக்கறதுக்கு முதல் காரணமே இதுதான்.

ரெண்டாவது காரணம் கொஞ்சம் பெருசு. அதுக்கு நிஜக் கடல் சிங்கத்துக்கிட்ட போகணும்.

மூக்கு மேல பந்தை நிறுத்தற வித்தையை நாமல்லாம் டிவியிலயோ கார்ட்டூன்லயோ பார்த்திருப்போம். கலிபோர்னியா கடல் சிங்கத்தைப் பிடிச்சு சர்க்கஸ்ல பழக்கறது 19ஆம் நூற்றாண்டு கடைசியிலேயே வந்தாச்சு. அந்த வித்தை அதுக்கு எப்படி முடியுதுன்னா, எல்லாம் மீசை பண்ற வேலை. அந்த மீசை முடிகள் சாதாரண முடி இல்ல, வேர்ல நரம்பு நிறைஞ்ச உணர்கருவிகள். பந்து எந்தப் பக்கம் சாயுதுன்னு மீசை சொல்லும், தலை உடனே அந்தப் பக்கம் திரும்பும். கலங்கின தண்ணியில கண்ணு தெரியாதப்ப ஓடற மீனைத் தேடிப் பிடிக்க உதவறதும் இதே மீசைதான். இப்படி இரை தேட அமைஞ்ச ஒரு அற்புதமான கருவியை நாம எடுத்து, பந்து வெச்சு, ஒவ்வொரு தடவைக்கும் ஒரு மீன் குடுத்து, கீழ உக்காந்து கை தட்டினோம்.

அதனால சர்க்கஸ் கடல் சிங்கத்தைப் பார்த்தா இப்ப நமக்கு ஒரு மாதிரி சங்கடமா இருக்கு. இருக்கணும். பாப்ளியோ வந்த நேரத்தையும் பாருங்க. 2016 மார்ச்லதான் சீவேர்ல்டு நிறுவனம் தன்கிட்ட இருக்கற ஓர்கா திமிங்கிலங்களை இனிமே இனப்பெருக்கம் பண்ண விடறதில்லைன்னு அறிவிச்சது. 2017 மே மாசம் அமெரிக்காவோட ரொம்பப் பழைய ரிங்லிங் சர்க்கஸ் கூடாரத்தைச் சுருட்டிக்கிச்சு (2023ல திரும்பி வந்தப்ப மிருகங்களே இல்லாம வந்தது). இந்த ரெண்டுக்கும் நடுவுல ஒரு சர்க்கஸ் கடல் சிங்கத்தை ஹீரோவாக்கறது தப்பான நேரம்னு சிலருக்குத் தோணினதுல நியாயம் இருக்கு.

ஆனா பாப்ளியோகிட்ட இருக்கற பந்து யாரோடது? யாரும் தூக்கிப் போடல. அதோட மூக்குல இருந்து அதுவே ஊதிக்கிட்டது. பயிற்சிக்கு நேரம் குறிக்கறதும் அதுவே, எவ்ளோ பெருசா ஊதணும்னு முடிவு பண்றதும் அதுவே. சாட்டை வெச்சவன் இல்ல, மீன் பக்கெட் இல்ல. தரையில அது வேகமாப் போக முடியாது (தண்ணிக்குள்ள மணிக்கு 40 கிலோமீட்டருக்கு மேல நீந்தும், நிஜக் கடல் சிங்கமும் கிட்டத்தட்ட அந்த வேகம்தான்). அதனால தரையில பலூன் மேல எம்பி எம்பிக் குதிச்சு சமாளிக்குது. அதாவது சர்க்கஸ்ல இருந்து மிருகத்தை மட்டும் பிரிச்சு எடுத்து, வித்தையை அதுகிட்டயே திருப்பிக் குடுத்திருக்காங்க. காலரைப் பார்த்துட்டு மூஞ்சி சுளிச்சவங்க, மனுஷன் கடல் சிங்கத்தை என்னவா ஆக்கி வெச்சானோ அதைப் பார்த்துத்தான் சுளிச்சாங்க. அந்தக் கோவத்தைக் குட்டி மேல காட்டறது அநியாயம்.

"இரு இரு, போக்கிமானே பிராணியைப் பிடிச்சு உருண்டைக்குள்ள அடைச்சு சண்டை விடற கேம்தானே?"ன்னு கேப்பீங்க. கேளுங்க, நியாயமான கேள்விதான். இதுக்கு என்கிட்ட முழு பதில் இல்ல. கேம் ரெண்டையும் சேர்த்தே ஓட்டுது. ஒரு கையில நட்பு, ஒரு கையில உருண்டை. ஆனா சன், மூன்ல பாப்ளியோ உங்ககிட்ட வர்ற இடத்துல ஒரு சின்ன விஷயம் உண்டு. நீங்க அதைத் தேர்ந்தெடுத்தா மட்டும் போதாது, அதுவும் உங்களைத் தேர்ந்தெடுக்கணும். ரெண்டு பேரும் நேருக்கு நேர் நின்னு பார்த்துக்கணும், அப்புறம்தான் அது ஓடி வரும். எப்படியும் வரும்னு நமக்குத் தெரியும், அது வெறும் காட்சிதான். இருந்தாலும் அதை வைக்கணும்னு யாருக்கோ தோணியிருக்கு பாருங்க.

நிஜ உலகத்துலயும் இந்த வித்தை விஷயம் ஒரே கலர்ல இல்ல. கலிபோர்னியாவுல சாண்டா குரூஸ் பல்கலைக்கழக ஆய்வகத்துல ரோனன்னு ஒரு பெண் கடல் சிங்கம் இருக்கு. குட்டியா இருந்தப்ப திரும்பத் திரும்பக் கரை ஒதுங்கி, கடல்ல தனியாப் பிழைக்காதுன்னு தெரிஞ்ச பிறகு எடுத்து வளர்த்தாங்க. அது பாட்டோட தாளத்துக்குத் தலையாட்டும். 2013ல இதைப் பத்தி ஆய்வுக் கட்டுரை வந்தது. 2025ல வந்த இன்னொரு கட்டுரையில மனுஷங்களோட போட்டி வெச்சுப் பார்த்தாங்க. தாளம் தப்பாம ஆட்டினதுல ரோனன்தான் அவங்களைவிட மேல! பாப்ளியோவோட அடுத்த வடிவம் பிரியானுக்கு என்ன குறிப்பு தெரியுமா? தனக்குத் தெரியாத நடனத்தைப் பார்த்தா குஷியாகி, கத்துக்கற வரைக்கும் விடாமப் பயிற்சி பண்ணுமாம். அந்தக் குறிப்பைப் படிக்கறப்பல்லாம் எனக்கு ரோனன் ஞாபகம்தான் வரும்.

சரி, அடுத்த வடிவம்னு சொன்னதும் பிரிமரீனா மேட்டருக்கு வரணும். பாப்ளியோ லெவல் 17ல பிரியான் ஆகும், 34ல பிரிமரீனா ஆகும். 2016 அக்டோபர்ல இந்தக் கடைசி வடிவத்தைக் காட்டினாங்க. நீளமான தலைமுடி, கடல்கன்னி மாதிரி உடம்பு, குரலாலேயே பலூனை ஆட்டி வைக்கற பாடகி. அதே சமயம் எல்லாரும் உயிரை விட்ட லிட்டன் என்ன ஆச்சு? ரெண்டு கால்ல நிக்கற மல்யுத்த வீரன் ஆச்சு, பேரு இன்சினரோர். ஒரே நாள்ல கட்சி மாறினாங்க பாருங்க மக்கள்... அடேயப்பா! நேத்து வரைக்கும் பபூன்னு சொன்னவங்க "நான் அப்பவே சொன்னேன்ல"ன்னு பாப்ளியோவைக் கொஞ்ச ஆரம்பிச்சாங்க.

இதுதான் எனக்கு ரொம்ப எரிச்சல். பிரிமரீனா அழகா இருக்குங்கறதுக்காகப் பாப்ளியோவை மன்னிக்கறதாம். இதுல மன்னிக்க என்ன இருக்கு? ஜப்பானிய மொழியில அதோட பேரு அஷிமாரி. கடல் சிங்கத்துக்கு அஷிகா, பந்துக்கு மாரி. கடல் சிங்கமும் பந்தும், அவ்ளோதான் அதோட மொத்த அடையாளமும். அதை வெக்கமில்லாம பேருலயே எழுதி வெச்சுட்டு வந்த பிராணி அது. பிரிமரீனா பாடறதும் மந்திரத்தால வந்தது இல்ல, அந்தப் பாட்டை அதோட இனத்துல ஒரு தலைமுறை அடுத்த தலைமுறைக்குச் சொல்லிக் குடுக்குதுன்னுதான் போக்கிடெக்ஸ் சொல்லுது. கோமாளி போய் அதோட இடத்துல ராணி வந்துட்டான்னு படிக்கக் கூடாது. பலூன் ஊதின அதே ஆள்தான், பலூன் இன்னும் பெருசாச்சு.

பலமும் குறைச்சல் இல்ல. மூணு ஸ்டார்ட்டருக்கும் மொத்த ஸ்டாட் ஆரம்பத்துல அதே 320, கடைசி வடிவத்துல அதே 530. பிரிமரீனா தண்ணி, ஃபேரி ரெண்டு வகையும் சேர்ந்தது, அதனால டிராகன் தாக்குதல் அதைத் தொடவே தொடாது. ஸ்பெஷல் அட்டாக் 126. அதோட சொந்தத் தாக்குதல் ஸ்பார்க்கிளிங் ஏரியா, இதுல ஒரு வேடிக்கை இருக்கு. அடி வாங்கினவனுக்கு ஏற்கனவே தீக்காயம் இருந்தா இந்தப் பாட்டு அதை ஆத்திடும். எதிரியை அடிச்சுக்கிட்டே அவன் காயத்துக்கு மருந்து போடற ஆளை வேற எங்க பார்த்திருக்கீங்க?

ஒரே ஒரு குறை எனக்கும் உண்டு. அது பாப்ளியோ மேல இல்ல, அதைக் கொண்டு போய் வெச்ச இடத்து மேல. சன், மூன் நடக்கற அலோலா தீவுகள் ஹவாய் தீவுகளைப் பார்த்து உருவாக்கினது. ஹவாயில கடல் சிங்கம் கிடையாது. அங்க இருக்கறது மாங்க் சீல். ஹவாய் மக்கள் அதுக்கு வெச்ச பேருக்கு, கொந்தளிக்கற தண்ணியில ஓடற நாய்னு அர்த்தம். (நாம சீலைக் கடல்நாய்னு சொல்றோம்ல, எவ்ளோ பொருத்தம்!) உலகத்துல வேற எங்கயும் இல்லாத அந்த இனத்துல மிச்சம் இருக்கறது சுமார் 1,600தான். அதுலயும் மக்கள் வாழற பெரிய தீவுகள் பக்கம் சுமார் 400. மீன்வலையில மாட்டிச் சாகுது, கரையோரப் பூனைகள் மூலமா வர்ற நோயில சாகுது, சிலதை மனுஷங்களே அடிச்சும் சுட்டும் கொன்னிருக்காங்க. சாதாரண எலிக்கும் பூனைக்கும் "அலோலா வடிவம்"னு தனியா யோசிச்சு யோசிச்சு வரைஞ்சவங்க, அந்தத் தீவுக்கே சொந்தமான ஒரு பிராணியை விட்டுட்டுக் கலிபோர்னியா சர்க்கஸ்ல இருந்து ஆள் எடுத்திருக்காங்க. காலருக்காகச் சண்டை போட்ட அத்தனை பேர்ல நாலு பேர் இதைக் கேட்டிருக்கலாம்.

கடைசியா, இதைப் படிச்சுட்டு யாராவது பாப்ளியோவோட கெளம்பறதா இருந்தா ஒரு எச்சரிக்கை. முதல் தீவு சுலபம். ரெண்டாவது தீவுல நெருப்பு டிரையல்ல ராஜா மாதிரி சுத்துவீங்க. அதை நம்பி அடுத்த டிரையலுக்குப் போனா லுராண்டிஸ்னு ஒரு புல் வகை ஆசாமி காத்துக்கிட்டு இருக்கும், அப்புறம் மின்சார விகாவோல்ட். ரெண்டுமே தண்ணி வகைக்கு ஆப்பு. ரூட் 2லயே குரோலித் கிடைக்கும், பிடிச்சு வளர்த்து வெச்சுக்கோங்க. 3டிஎஸ் கடையை நிண்டெண்டோ 2023 மார்ச்லயே மூடிடுச்சு, அதனால செகண்ட் ஹேண்ட் கேட்ரிட்ஜ்தான் கதி. ஸ்விட்ச் வெச்சிருக்கறவங்களுக்கு 2023 டிசம்பர்ல வந்த இண்டிகோ டிஸ்க்ல பாப்ளியோ கிடைக்குது. நம்ம கிளாஸ்ல யார்கிட்டயாவது மூன் கேட்ரிட்ஜ் இருந்தா திங்கக்கிழமை எடுத்துட்டு வாங்கப்பா, ரெண்டு வாரத்துல பத்திரமாத் திருப்பித் தந்துடறேன் :-)