நெடுஞ்சாலையில் கொதிக்கும் வண்டி



சென்ற இதழில் டயர்களின் காற்றழுத்தத்தைப் பற்றி எழுதியிருந்தோம். இம்மாதம் எடுத்துக்கொள்வது, கோடை விடுமுறையில் குடும்பத்தோடு காரில் நெடுந்தூரம் செல்வோர் பலருக்கும் நேரக்கூடிய ஒரு தொல்லை. ஊருக்குள் ஓடும்போது வண்டியில் ஒரு குறையும் தெரிவதில்லை. நெடுஞ்சாலையில் ஏறி ஒரு மணி நேரம் ஓடியதும் வெப்பம் காட்டும் முள் மெல்ல மெல்லச் சிவப்புக் கோட்டை நோக்கி ஏறுகிறது. இது ஏன்?

எங்கள் குடும்பத்திலும் இக்கேள்வி ஒருமுறை எழுந்தது. அதற்கு விடை கிடைப்பதற்குள் கொடுத்த விலை சிறிதன்று.

சில ஆண்டுகளுக்கு முன், என் தங்கையின் கணவர் மனைவி மக்களுடன் மதுரையிலிருந்து சென்னைக்குத் தம் பழைய காரில் புறப்பட்டார். அதற்கு முந்திய பயணத்திலேயே முள் ஏறியிருந்தது. ஒரு பட்டறையில் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்துவிட்டு, "இனிமேல் சூடாகாது" என்று உறுதி கூறினார்கள். மற்றொரு பட்டறையில் மின்விசிறியின் மோட்டாரை மாற்றிப் பணம் வாங்கிக்கொண்டார்கள். வண்டி எப்போது சூடாகிறது என்று இருவருமே கேட்கவில்லை.

திருச்சியைத் தாண்டி மணிக்கு நூறு கிலோமீட்டர் வேகத்தில் செல்கையில் முள் ஏறியது. ஒரு லாரிக்குப் பின்னால் அறுபதில் ஊர்ந்தபோது அது தானாகவே இறங்கியது. லாரியை முந்தியதும் மீண்டும் ஏறியது. வண்டி தன் நோயைத் தானே சொல்லிக்கொண்டிருந்தது, கேட்பார்தாம் இல்லை. பெரம்பலூரை நெருங்கும்போது முன்மூடியின் இடுக்குகளிலிருந்து நீராவி கிளம்பிற்று. மாப்பிள்ளை அவசரமாக இறங்கி, கையில் துண்டைச் சுற்றிக்கொண்டு ரேடியேட்டரின் மூடியைத் திருகினார். அடுத்த கணம் கொதிநீர் பீறிட்டு அவர் முன்கையில் பாய்ந்தது. அருகில் நின்ற சிறுவன் ஓரடி தள்ளி நின்றதால் தப்பினான். தந்தையின் வலக்கையில் அந்தத் தழும்பு இன்றும் இருக்கிறது.

நீரின் கொதிநிலை 100 டிகிரி செல்சியஸ் என்று பள்ளியில் படித்திருக்கிறோம். ஆயின் ரேடியேட்டரின் மூடி சாதாரண மூடி அன்று. நம் இல்லத்துப் பிரஷர் குக்கரின் மேலுள்ள வெயிட் செய்யும் வேலையையே அது செய்கிறது. உள்ளே அழுத்தத்தைத் தேக்கி, நீரின் கொதிநிலையை ஏறத்தாழ 120 டிகிரிக்கு உயர்த்துகிறது. சூடாக இருக்கும்போது மூடியைத் திறந்தால் அழுத்தம் சட்டென்று குறைகிறது. 100 டிகிரிக்கு மேலிருந்த நீர் அக்கணமே கொதித்து நீராவியாய்ச் சீறுகிறது. விசில் அடங்காத குக்கரை எந்த இல்லத்தரசியும் திறக்கமாட்டார். அதே அறிவு சாலையோரத்தில் நமக்கு மறந்துபோகிறது.

இனி, இன்ஜினில் இவ்வளவு வெப்பம் எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம். நாம் ஊற்றும் பெட்ரோலின் ஆற்றலில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் வண்டியை ஓட்டப் பயன்படுகிறது. மற்றொரு பெரும்பங்கு புகையோடு வெளியேறுகிறது. இன்னொரு பங்கு இன்ஜினின் உலோகத்தில் தங்கிவிடுகிறது; அதை நீர்தான் சுமந்து சென்று காற்றில் கலக்க வேண்டும்.

கார் பிறந்த நாளிலிருந்தே இந்தக் கவலையும் உண்டு. 1888-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம், ஜெர்மனியில் பெர்த்தா பென்ஸ் என்னும் அம்மையார், கணவர் கார்ல் பென்ஸ் செய்த மூன்று சக்கர மோட்டார் வண்டியில் தம் இரு புதல்வர்களை ஏற்றிக்கொண்டு, மன்ஹைமிலிருந்து போர்ஸ்ஹைமில் இருந்த தம் தாயின் இல்லத்துக்கு ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் சென்றார். மோட்டார் வண்டியின் முதல் நெடும்பயணம் என்று வரலாறு போற்றுவது இதனையே. அவ்வண்டியில் ரேடியேட்டர் கிடையாது. நீர் கொதித்து ஆவியாகியே இன்ஜினைக் குளிர்வித்தது. ஆகவே வழிநெடுக நிறுத்தி நிறுத்தி நீர் ஊற்ற வேண்டியிருந்தது. 1901-இல் வெளிவந்த மெர்சிடிஸ் வண்டியில்தான், வில்ஹெல்ம் மேபாக் என்னும் பொறியாளர் ஆயிரக்கணக்கான சிறு குழாய்களைத் தேன்கூடுபோல் அடுக்கிய ரேடியேட்டரை அமைத்தார். நீர் ஆவியாகி வீணாகாமல் சுற்றிச் சுற்றி வருவதற்கு அது வழி செய்தது.

இன்றைய வண்டியிலும் நிகழ்வது அதுவே. வாட்டர் பம்ப் நீரைத் தள்ளுகிறது. இன்ஜினின் வெப்பத்தை ஏற்ற நீர் மேல் ஹோஸ் வழியாக ரேடியேட்டருக்குள் போய், அங்கே காற்றுப் பட்டுக் குளிர்ந்து, பெரும்பாலான வண்டிகளில் கீழ் ஹோஸ் வழியாக இன்ஜினுக்குத் திரும்புகிறது. தெர்மோஸ்டாட் என்பது இடையில் நிற்கும் வாயில்காப்போன். நீர் 80 அல்லது 90 டிகிரியை எட்டும்வரை கதவைச் சாத்தி இன்ஜினை விரைவில் சூடேறச் செய்கிறது, பிறகு திறந்துவிடுகிறது. அதை அடியோடு கழற்றிவிடுவது வைத்தியமே அன்று. இன்ஜின் உரிய சூட்டை அடையாமல் தேய்மானமும் எரிபொருள் செலவும் கூடும். சில இன்ஜின்களில் அதைக் கழற்றினால் நீர் ரேடியேட்டருக்குப் போகாமல் குறுக்குவழியில் சுற்றி, சூடு மேலும் ஏறுவதும் உண்டு.

இந்த அடிப்படையை மனத்தில் கொண்டால் நோயின் இருப்பிடம் ஓரளவு புலப்படும். போக்குவரத்து நெரிசலில் நிற்கும்போது சூடேறி, ஓடத் தொடங்கியதும் இறங்கினால், குற்றம் பெரும்பாலும் விசிறியில் இருக்கும். ஏனெனில் நிற்கும் வண்டிக்குக் காற்று தருவது விசிறி மட்டுமே. ஓடும் வண்டிக்கோ எதிர்க்காற்றே போதும். எனவே நெடுஞ்சாலையில் மட்டும் சூடாகும் வண்டிக்கு விசிறியை மாற்றுவது, கால்வலிக்குக் கண்ணில் மருந்திடுவது போன்றது.

வேகம் கூடும்போது இன்ஜினின் சுமை நாம் நினைப்பதைவிட மிகுதியாகக் கூடுகிறது. ஐம்பது கிலோமீட்டர் வேகத்தை நூறாக்கினால், காற்றின் எதிர்ப்பை வெல்வதற்கு மட்டும் எட்டு மடங்கு ஆற்றல் வேண்டும். இதனால் பிறக்கும் வெப்பமும் பெருகுகிறது. அதைச் சுமக்கப் போதிய நீரோட்டம் இல்லையென்றால் முள் ஏறும். ஊருக்குள் ஓடுகையில் வெப்பம் குறைவாதலால், அரைகுறை நீரோட்டமே போதுமானதாகிக் குறை மறைந்துகிடக்கிறது.

அந்த நீரோட்டத்தைத் தடுப்பவை எவை? எளியதிலிருந்து தொடங்கி ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். முதலாவது, நீரின் அளவு. குறைந்துகொண்டே வந்தால் எங்கே கசிகிறது என்று தேடவேண்டும். இரண்டாவது, மூடி, அதன் ரப்பர் வெடித்து, சுருள்வில் தளர்ந்திருந்தால் அழுத்தம் நில்லாது, நீர் முன்னதாகவே கொதிக்கும். மூன்றாவது, ரேடியேட்டரின் வெளிப்புறம். பூச்சிகளும் தூசியும் பிளாஸ்டிக் பையும் அடைத்திருக்கலாம். ஏ.சி. உள்ள வண்டிகளில் ரேடியேட்டருக்கும் அதன் முன்னுள்ள கண்டென்சருக்கும் இடையே குப்பை சேர்ந்திருப்பது வெளியே தெரியாது. நான்காவது, தெர்மோஸ்டாட், அதைக் கழற்றி ஒரு பாத்திர நீரில் தொங்கவிட்டு அடுப்பில் சூடாக்கினால், அதன்மேல் பொறித்துள்ள வெப்பநிலையில் திறக்கத் தொடங்குகிறதா என்று வீட்டிலேயே காணலாம். ஐந்தாவது, வாட்டர் பம்பும் அதன் பெல்ட்டும். ஆறாவது, கீழ் ஹோஸும் ரேடியேட்டரின் உட்புறமும்.

பெரம்பலூரில் அன்று வந்த வயதான மெக்கானிக் கேட்ட முதற்கேள்வி, "எப்போது சூடாகிறது சார்?" என்பதே. லாரிக்குப் பின்னால் முள் இறங்கியதை என் தங்கை சொன்னாள். அவர் தலையசைத்தார். இன்ஜின் நன்றாக ஆறியபின் நீர் நிரப்பி ஓடவிட்டு, ஆக்சிலேட்டரை மிதிக்கச் சொல்லிக் கீழ் ஹோஸையே பார்த்துக்கொண்டிருந்தார். வேகம் கூடியதும் அது உறிஞ்சப்பட்ட வைக்கோல் குழல்போல் தட்டையாயிற்று. பம்ப் நீரை இழுக்கிறது, ரேடியேட்டரால் அந்த அளவுக்குக் கொடுக்க இயலவில்லை என்பதற்கு அதுவே சான்று. பிறகு இன்ஜினை நிறுத்திவிட்டு ரேடியேட்டரைத் தொட்டுப் பார்த்தார். நடுவே சூடு, ஓரங்களில் குளிர்ச்சி. குளிர்ந்த இடங்களில் நீர் ஓடவில்லை.

காரணம் என்ன தெரியுமா? பல ஆண்டுகளாக வீட்டு ஆழ்குழாய் நீரையே ஊற்றி வந்திருந்தார்கள். கொதிநீர்ப் பாத்திரத்தின் அடியில் வெண்மையாய்ப் படியும் உப்புக் காரை, ரேடியேட்டரின் நுண்குழாய்களிலும் படிந்து அடைத்திருந்தது. ரேடியேட்டரையும் கீழ் ஹோஸையும் மாற்றி, புதிய தெர்மோஸ்டாட் வைத்து, கூலன்ட்டும் காய்ச்சி வடித்த நீரும் சரிபாதியாய் ஊற்றினார். அதன்பின் அவ்வண்டி சென்னைக்குப் பலமுறை போய்வந்தது. கூலன்ட்டைப் பற்றி ஓர் எச்சரிக்கை: பொதுவாக அதிலுள்ள எத்திலீன் கிளைகால் என்னும் பொருள் இனிப்புச் சுவையுடைய நஞ்சு. குழந்தைகளுக்கும் நாய்க்கும் எட்டாத இடத்தில் அதை வைக்க வேண்டும்.

எல்லாம் சரியாக இருந்தும் முள் ஏறினால், ஹெட் காஸ்கெட்டைச் சந்தேகிக்க வேண்டும். இன்ஜின் ஆறியிருக்கும்போது மூடியைத் திறந்து, பிறகு இன்ஜினை இயக்கிப் பார்த்தால் ரேடியேட்டரில் இடைவிடாது குமிழிகள் எழும். புகைக்குழாயில் அடங்காத வெண்புகை வரும். ஆயில் பால்காப்பிபோல் நிறம் மாறும். இவற்றில் ஒன்று தென்பட்டாலும் வண்டியை ஓட்டாமல் பட்டறையில் காட்டுவதே நலம்.

வழியில் முள் ஏறினால் செய்யவேண்டியவை சில. உடனே வேகத்தைக் குறையுங்கள், ஏ.சி.யை நிறுத்துங்கள், கண்ணாடிகளை இறக்கி ஹீட்டரை முழுமையாகத் திறந்துவிடுங்கள். ஹீட்டரும் ஒரு சிறு ரேடியேட்டரே. நமக்கு வியர்த்தாலும் இன்ஜினுக்கு ஆறுதல். முள் இறங்காவிட்டாலோ, ஆவி கிளம்பினாலோ, பாதுகாப்பாக ஓரங்கட்டி இன்ஜினை நிறுத்திவிடுங்கள். குழந்தைகளைச் சாலைக்கு எதிர்ப்புறமாக, வண்டியிலிருந்து தள்ளி நிற்கச் செய்யுங்கள். முக்கால் மணி நேரமாவது மூடியைத் தொடாதீர்கள். மின்விசிறி தானாகவே சுழலத் தொடங்கலாமாதலால் அதனருகே கை வைக்காதீர்கள். கொதிக்கும் இன்ஜின்மேல் குளிர்நீரை ஊற்றாதீர்கள், உலோகம் வெடிக்கக்கூடும். ஆவி போனபின் முள் திடீரென்று கீழே விழுந்தால் மகிழ்ச்சியடைய வேண்டாம். அளக்கும் கருவியைச் சுற்றி நீரே இல்லாமற் போயிருக்கலாம்.

"இன்னும் பத்து கிலோமீட்டர்தானே, அடுத்த ஊரில் பார்த்துக்கொள்ளலாம்" என்னும் எண்ணமே பெருஞ்செலவுக்கு வாயில். சிலிண்டர் ஹெட் வளைந்துவிட்டால், சில நூறு ரூபாயில் முடியவேண்டிய மூடியோ ஹோஸோ, இன்ஜினையே பிரித்துப் பார்க்கும் வேலையாக வளர்ந்துவிடும்.

அடுத்தமுறை பட்டறைக்குச் செல்லும்போது, "வண்டி சூடாகிறது" என்று மட்டும் சொல்லாதீர்கள். எந்த வேகத்தில், எவ்வளவு நேரம் ஓடியபின், ஏற்றத்திலா சமதளத்திலா, ஏ.சி. ஓடும்போதா நிறுத்தியபோதா என்பதை ஒரு தாளில் குறித்துக் கொண்டுபோய்க் கொடுங்கள். மருத்துவரிடம், காய்ச்சல் எந்த நேரத்தில் வருகிறது என்று சொல்வதில்லையா? அதைப்போலத்தான். என் தங்கையின் இல்லத்தில் இப்பொழுது ஒரு வழக்கம் ஏற்பட்டிருக்கிறது. நெடும்பயணத்தில் அந்தச் சிறுவனே முன்னிருக்கையில் அமர்ந்து, கால்மணிக்கு ஒருமுறை முள்ளைப் பார்த்துத் தந்தைக்குச் சொல்கிறான். அவன் இப்போது வளர்ந்துவிட்டான். ஆயினும் அந்தப் பொறுப்பை வேறெவருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை.