வீட்டில் காணொலி, வகுப்பில் பயிற்சி: தருமபுரி மாவட்ட ஆசிரியர்களின் கோரிக்கை மனு

அனுப்புநர்
சங்க நிர்வாகிகள்,
அரசுப் பள்ளி ஆசிரியர்கள் சங்கம்,
தருமபுரி மாவட்டம்.

பெறுநர்
மாவட்ட ஆட்சியர் அவர்கள், தருமபுரி.
நகல்: முதன்மைக் கல்வி அலுவலர் அவர்கள், தருமபுரி.

பொருள்: தலைகீழ் வகுப்பறை, தேர்ச்சிக் கற்றல் முறைகளுக்குப் பள்ளியிலேயே நேரமும் வசதியும் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

2018 முதல் வந்த பாடநூல்களில் க்யூஆர் குறியீடுகள் உள்ளன. 2019இல் கல்வித் தொலைக்காட்சியும் 2023இல் மணற்கேணி செயலியும் வந்தன. இவற்றை நம்பி, பாடத்தை வீட்டில் காணொலியாகப் பார்த்துவிட்டு வகுப்பில் பயிற்சி செய்யும் தலைகீழ் வகுப்பறை முறையை எங்கள் உறுப்பினர்கள் பலர் முயன்றார்கள். முறை நல்லதுதான், தடை வீட்டில் இருக்கிறது. பென்னாகரம் பகுதியிலும் சித்தேரி மலையிலும் பல வீடுகளில் இருப்பது ஒரே ஸ்மார்ட்போன். அது வேலைக்குப் போன அப்பாவின் சட்டைப்பையில், பெங்களூரிலோ திருப்பூரிலோ இருக்கிறது.

ஆகவே சிலர் காணொலியைப் பள்ளியிலேயே கடைசிப் பாடவேளையில் போட்டுக் காட்டி, மறுநாள் பாடவேளையை முழுக்கப் பயிற்சிக்கு விட்டார்கள். 1/3ஐயும் 1/4ஐயும் கூட்டச் சொன்னால் 2/7 என்று எழுதும் பிள்ளை பல வகுப்புகளில் உண்டு. கரும்பலகை முன் நின்று நடத்தும்போது அந்தப் பிள்ளை கண்ணில் படுவதில்லை. பக்கத்தில் உட்கார்ந்து நோட்டைப் பார்த்தால், பகுதியோடு பகுதியைக் கூட்டுவது உடனே பிடிபடுகிறது. இரண்டு தாள்களைப் பன்னிரண்டு கட்டங்களாக மடித்துக் காட்டினால் 7/12 அதன் வாயிலிருந்தே வருகிறது. இதற்குச் சில நிமிடங்கள் போதும். அந்த நிமிடங்கள்தான் எங்களிடம் இல்லை. மறுநாள் அடுத்த பாடத்துக்குப் போயாக வேண்டும்.

ஒன்றில் தேறிய பிறகே அடுத்தது என்பதை 1968இல் பெஞ்சமின் புளூம் தேர்ச்சிக் கற்றல் என்று முன்வைத்தார். நமக்கு அது புதிதல்ல. 2007-08இல் மாநிலம் முழுவதும் வந்த செயல்வழிக் கற்றலில், கரும்பு வெட்டுக்கோ செங்கல் சூளைக்கோ பெற்றோருடன் போய்த் திரும்பிய குழந்தை, விட்ட பாட அட்டையிலிருந்தே தொடர முடிந்தது. 2022இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தின் அரும்பு, மொட்டு, மலர் நிலைகளிலும் அதே எண்ணம் உண்டு. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் மாநிலத்திலேயே குறைந்த எழுத்தறிவு, சுமார் 68.5 விழுக்காடு, நம் மாவட்டத்தில்தான். இங்கே இந்த எண்ணம் ஆரம்ப வகுப்புகளோடு நின்றுவிடக் கூடாது.

எனவே, காணொலி பார்ப்பதற்கு உயர்தொழில்நுட்ப ஆய்வகத்திலோ திறன்மிகு வகுப்பறையிலோ பள்ளி நேரத்திலேயே பாடவேளை ஒதுக்க வேண்டும். இணையம் எட்டாத மலைப் பள்ளிகளுக்குக் காணொலிகளைப் பென் டிரைவில் தர வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, 6 முதல் 8ஆம் வகுப்பு வரை கணிதத்தில், பிள்ளைகள் தேறும்வரை ஒரு பாடத்தில் நிற்க ஆசிரியருக்கு எழுத்துபூர்வமான அனுமதி வேண்டும். பார்வைக்கு வரும் அலுவலர்கள் அதைப் பாடம் முடிக்காத குறையாக எழுதக் கூடாது. ஈராசிரியர் பள்ளிகளில் எமிஸ் (கல்வித் தகவல் மேலாண்மை) பதிவுகளுக்கு வேறு ஆள் வேண்டும். குறுவள மையக் கூட்டங்களில் ஒரு பகுதியை, முயன்று பார்த்த ஆசிரியர்கள் சக ஆசிரியர்களுக்குச் செய்துகாட்ட ஒதுக்க வேண்டும்.

தங்கள் அதிகாரத்துக்கு உட்பட்டவற்றுக்கு இந்தக் கல்வியாண்டிலேயே உத்தரவிட்டு, மற்றவற்றைப் பள்ளிக் கல்வித் துறைக்குப் பரிந்துரைக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
சங்க நிர்வாகிகள் மற்றும் உறுப்பினர்கள்